பனி விலகும் காலைகளுக்கு ஒரு 8×42 தொலைநோக்கி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

தை பிறந்து சித்திரை வரும் வரையான மாதங்களில், வீட்டுக்கு அண்மையில் நடந்து வெளிச்சத்தையும் காற்றையும் மரஞ்செடிகளையும் பறவைகளையும் கவனித்துப் பார்க்க விரும்பும் யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு, 8×42 அளவுள்ள தொலைநோக்கியே பொருத்தமானது என்பது என் முடிவு. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு விற்கப்படுபவையும், சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 சிறுகருவிகளும் கடையில் எடுத்துப் பார்க்கும்போது கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் காலை ஆறரை மணிக்குப் பண்ணைப் பாலத்தில் நின்று பார்க்கும்போதுதான் அவற்றின் குறை வெளிப்படும். நான் பயன்படுத்துவது நடுத்தர விலையில் கிடைக்கும், கூரை அரியம் (உருவத்தை நிமிர்த்திக் காட்டும் உட்புறக் கண்ணாடிக் கட்டை) பொருத்திய ஒரு கருவி. இதே அமைப்பும் ஏறக்குறைய இதே தரமும் உள்ள கருவிகள் பல பெயர்களில் சந்தைக்கு வருவதால், பெயரை விடுத்து அளவையும் அமைப்பையும் வைத்தே எழுதுகிறேன். இறக்குமதிப் பொருள் என்பதால் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. நடுத்தரமான ஒரு கைத்தொலைபேசியின் விலையில் பாதிக்குச் சற்று மேலே போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் இந்தத் தெரிவுக்கான காரணம் முழுவதும் காலத்தின் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த பெரும்பொழுதுகள் நம்முடைய குடாநாட்டிலும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் உறைபனியோ, ஊர் முழுவதும் ஒருசேர இலை உதிர்ந்து ஒருசேரத் துளிர்க்கும் காட்சியோ இங்கே இல்லாததால், மாற்றம் சிறு சிறு அடையாளங்களாகவே வருகிறது. தை நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் ஏறக்குறைய 6.30 மணிக்கு உதிக்கிறது. சித்திரைப் புத்தாண்டளவில் 6.00 மணிக்கே உதித்துவிடுகிறது. மறைவு நேரமோ கால் மணித்தியாலம்கூட நகர்வதில்லை. எனவே நீளும் பகலின் பெரும் பங்கை இங்கே காலைதான் எடுத்துக்கொள்கிறது, மாலையில் மட்டும் உலாவுபவர் இதை உணராமலே போய்விடலாம். சூரியன் உதிக்கும் இடமும் பெயர்கிறது: பொங்கல் நாளில் நேர்கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே விலகி எழுந்த சூரியன், புத்தாண்டில் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுகிறது. அந்தப் புத்தாண்டை ஒட்டிய ஓரிரு நாள்களில் நண்பகல் வேளையில் அது யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்க, முற்றத்தில் நட்ட கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இவ்வளவையும் காண ஒரு கருவியும் தேவையில்லை. கருவி தேவைப்படுவது இந்த வெளிச்ச மாற்றத்துக்குள் உயிர்கள் என்ன செய்கின்றன என்பதைப் பார்ப்பதற்குத்தான்.

8×42 என்பதில் எட்டு என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்புறப் பொருளி வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். பெரும்பாலானோர் முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். நமக்கு வேண்டியதோ இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்து வருவது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. பார்வைத்துண்டிலிருந்து நம் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். நல்ல வெயிலில் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியிருக்கும், எனவே 10×25 கருவி தரும் 2.5 மில்லிமீற்றர் ஒளிக்கற்றையே அப்போது போதும். ஆனால் விடியற்காலையிலும் கருக்கலிலும் கண்மணி ஐந்து மில்லிமீற்றருக்கும் மேலே விரியும்போது, சிறுகருவி அந்தத் திறப்பில் சிறு பகுதியையே நிரப்ப, பார்ப்பது எல்லாம் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். 42 மில்லிமீற்றர் வில்லை 25 மில்லிமீற்றர் வில்லையைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு ஒளியை உள்ளே எடுக்கிறது. கடைக்காரர்கள் பகல் வெளிச்சத்தில் கடைவாசலில் நின்று எதிர்க்கட்டடத்தின் பெயர்ப்பலகையைக் காட்டி விற்பதால், இந்த வேறுபாடு வாங்கும்போது தெரிவதே இல்லை. உருப்பெருக்கத்தை எட்டோடு நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தையில் இன்னும் ஓயாத வாடைக்காற்று பாலத்தில் நிற்பவரை ஒரு நிலையில் நிற்க விடாது. கையின் நடுக்கத்தையும் கருவி அதே எட்டு மடங்கோ பத்து மடங்கோ பெருக்கியே காட்டும் என்பதால், எட்டில் தெளிவாக நிற்கும் பறவை பத்தில் ஆடிக்கொண்டேயிருக்கும்.

தை மாதத்துக் காலை ஒன்றில் இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பண்ணை நல்ல சோதனைக் களம். கோட்டையைக் கடந்து மண்டைதீவுப் பக்கம் நீளும் அந்தத் தெருவின் இரு பக்கமும் ஆழம் குறைந்த கடனீரேரி. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்த்த மழையின் நீர் இன்னும் ஓரங்களில் தேங்கியிருக்க, தொலைவில் மிதக்கும் கறுப்புப் புள்ளிகளின் கூட்டம் ஒன்று வெறுங்கண்ணுக்குத் தெரியும். அவை வாத்துகள் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்லமுடியாது. கருவியைக் கண்ணில் வைத்ததும் கூட்டம் பிரிகிறது: கழுத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஏறி, ஊசியாக நீண்ட வால் நீருக்கு மேலே சற்றுத் தூக்கி நிற்கும் ஊசிவால் வாத்து ஆண்கள், அவற்றினிடையே நிறமற்ற பழுப்பில் பெண்கள், ஓரமாகக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் வளைந்த சிறிய நீலச்சிறகிகள். எல்லாம் மத்திய ஆசியாவின் வான்வழியே மழைக்காலத்தோடு இங்கு வந்து சேர்ந்தவை. பார்வைப் பரப்பு 1000 மீற்றர் தொலைவில் 129 மீற்றர் என்று கருவியில் பொறித்திருக்கிறது. கூட்டம் கலைந்து பறக்கும்போது ஒன்றைத் தொடர்ந்து செல்ல இந்த அகலம் தாராளமாகப் போதுமானது. விளிம்பில் மட்டும் உருவம் சற்றுக் கலங்குகிறது, விலையைப் பார்க்கும்போது அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

இங்கே வெளிச்சத்தின் திசை, கருவியின் விலையைவிட முக்கியமானது. காலையில் பாலத்தின் மேற்குப் பக்கத்து நீரைப் பார்க்கவேண்டும், மாலையில் கிழக்குப் பக்கத்தை. சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால் இறகின் ஒவ்வொரு நிறமும் தெரியும். எதிரே இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த கருவியும் கறுப்பு உருவங்களையே காட்டும், நீரில் தெறிக்கும் ஒளி கண்ணையும் வருத்தும். இதைச் சொல்லித் தராமல் விற்கப்பட்ட கருவிகள் எத்தனையோ அலுமாரிகளில் கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

கடனீரேரியை விட்டு ஊருக்குள் நடப்பவர்களுக்கும் இது உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. உதவும், ஆனால் கிட்டத்துக் குவியம் நன்றாயிருக்கவேண்டும். என்னுடைய கருவி ஏறத்தாழ இரண்டரை மீற்றர் தொலைவிலுள்ள பொருளையும் தெளிவாகக் குவிக்கிறது. அதனால் ஒழுங்கையின் வேலிகளே ஒரு முழுக் காலைக்குப் போதுமானவையாகிவிடுகின்றன. மாசியில் சீமைக்கிளுவைக் கதிகால்கள் இலையை உதிர்த்துவிட்டு, வெறும் தடியின் மேல் வெளிறிய ஊதா கலந்த வெண்பூக்களைக் கொத்துக் கொத்தாகச் சுமந்து நிற்கும். பக்கத்தில் முள்முருக்கு இலையின்றிச் சிவப்பாகப் பூத்திருக்கும். அந்தப் பூக்களுக்குத் தேன்சிட்டு வரும்போது, நான்கு மீற்றர் தொலைவில் நின்று கருவி வழியே பார்த்தால், கறுப்பு என்று நாம் எண்ணிய ஆண் சிட்டின் கழுத்து அது தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறுவதும், அலகின் அடியில் மகரந்தத்தூள் ஒட்டியிருப்பதும் தெரிகின்றன. தையிலும் மாசியிலும் மாமரங்கள் பூத்துக் கிடக்க, வேம்பு மட்டும் பழைய இலைகளை மஞ்சளாக்கிக் கொட்டிக்கொண்டிருக்கும். பங்குனி பிறந்ததும் அதன் நுனிகளில் செம்பு நிறத் தளிர் எழும்பி, சில நாள்களில் இளம்பச்சையாகி, அதனிடையே வெள்ளைப் பூங்கொத்துகள் விரிந்து, ஒழுங்கை முழுவதும் மணக்கத் தொடங்கும். காலைச் சூரியன் அந்தச் செம்புத் தளிருக்குப் பின்னால் நிற்க அதைக் கருவி வழியே பார்த்தவர்கள், இலை நரம்பு ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவுவதைக் கண்டிருப்பார்கள். நம் ஊரில் இளவேனிலின் நிறம் எதுவென்று என்னைக் கேட்டால் பச்சையைச் சொல்லமாட்டேன், அந்தச் செம்பு நிறத்தைத்தான் சொல்வேன்.

ஒளிக்கற்றையின் அகலம் பற்றி மேலே எழுதியதற்கு மிகச் சிறந்த சான்று ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து மழைக்காலத்தை ஒட்டி வந்து, பங்குனி சித்திரையளவில் திரும்பிவிடும் இக்குருவி, விடியலிலும் மாலை ஆறு மணியளவிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவும். குரலைக் கேட்காத யாழ்ப்பாணத்து வளவு குறைவு, உருவத்தை நேரிற் கண்டவர்களும் குறைவு, ஏனெனில் அது பூவரசு வேலியின் அடியிலும் சருகு நிறைந்த இருளிலும் தரையில் தத்தித் திரிவது. அந்த நேரத்தில் 10×25 கருவியில் ஒரு கறுப்பு அசைவு மட்டுமே தெரிந்த அதே இடத்தில், 8×42 கருவியில் பச்சை முதுகும், தோளில் ஒளிரும் நீலத் திட்டும், கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டையும், குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பும் தனித்தனியே தெரிந்தன. வில்லையின் விட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இப்படியான பத்து நிமிடங்களுக்காகத்தான்.

மாசி முதிர முதிர நீர் வற்றி, சேறு வெளியே வரும். வழுக்கையாறு ஓட்டம் நின்று குட்டைகளாகச் சுருங்கும். அராலிப் பக்கத்துத் தரவைகள் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறும். வயல்களில் அரிவு வெட்டு முடிந்து மாடுகள் இறங்கியிருக்கும். பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் தாம்போதியின் இரு பக்கமும் சேற்றில் உள்ளான்கள் கூடும். இந்த நாள்களிலேயே கருவி தன் விலையை முழுமையாகத் திருப்பித் தருகிறது என்பேன். நம்மிடம் வந்து தங்கிய வடக்கத்திப் பறவைகள், புறப்படுவதற்கு முன் தங்கள் ஊரின் வசந்தத்துக்கான உடையை இங்கே வைத்தே அணியத் தொடங்குகின்றன. தையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டுமிருந்த வெள்ளைத் தலைக் கடற்காகத்துக்கு, மாசியில் தலை அழுக்குப் படிந்ததுபோல் திட்டுத் திட்டாகப் பழுப்பேறும். பங்குனியில் அலகிலிருந்து கழுத்து வரை கபில நிற முகமூடி முழுமையாகி, அதன் விளிம்பு கறுத்துத் தெளிவாக நிற்கும், வெளிறிய கண் அதனுள் கூர்மையாகத் தெரியும். பழுப்புத்தலைக் கடற்காகம் என்ற பெயருக்கு அப்போதுதான் பொருள் விளங்கும். வளைமூக்கு உள்ளானின் வெள்ளை வயிற்றில் செங்கல் நிறம் மறு மறுவாகப் பரவத் தொடங்கும், அது போய்க் கூடுகட்டுவது சைபீரியாவின் தூந்திர நிலத்தில். மீசை ஆலாவின் நெற்றி வெண்மை மறைந்து கறுப்புத் தொப்பி முழுமையாகும். திபெத்தின் மேட்டுநிலத்து ஏரிகளிலும் ஆர்க்டிக் சதுப்பிலும் வரப்போகும் வசந்தத்தை, சேலைகள் காயும் கொடிகளுக்கு அப்பால் தெரியும் நம்முடைய சேற்றில் வைத்தே பார்க்கக் கிடைக்கிறது. வெறுங்கண்ணுக்கு இவையெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் சாம்பல் புள்ளிகளும்தான்.

தாம்போதி ஓரத்தில் வீச்சுவலையோடு நின்ற வயதான தொழிலாளர் ஒருவரிடம் கருவியைக் கொடுத்தபோது, அவர் கடற்காகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உதுகள் பங்குனியோட போயிடும், தம்பி. தலை கறுத்தாப் பிறகு கனநாள் நில்லாது" என்றார். "ஐயாவுக்கு இது இல்லாமலே தெரியுமோ?" என்று கேட்டேன். "வலைக்குக் கிட்ட வாறதுகள்தானே, தெரியாமல் என்ன" என்றபடி கருவியைத் திருப்பித் தந்தார். கருவியின்றியே இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் ஒவ்வொரு நாளும் அந்த நீரில் இடுப்பளவு நின்று தொழில் செய்பவர்கள். கரையில் நடந்து போகும் நமக்கு அந்தத் தூரத்தைக் கடக்க வில்லை வேண்டியிருக்கிறது.

பங்குனியில் ஒரு தடை வருகிறது, அதற்கு எந்தக் கருவியும் மருந்தாகாது. வாடை அடங்கி, காற்றில்லாத காலைகள் தொடங்கியதும், எட்டரை ஒன்பது மணிக்குள் சேறும் உப்புப் பூத்த தரையும் சூடேறி, அவற்றின் மேலுள்ள காற்று கொதிக்கும் பானைக்கு மேலால் பார்ப்பதுபோல் அலையத் தொடங்கும். வல்லை வெளியில் இதை மிக நன்றாகக் காணலாம்: இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் கூழைக்கடா கால் இல்லாமல் மிதக்கும், கொக்கு இரண்டாக மடிந்து நீளும், பூநாரைக் கூட்டம் ஒன்று இளஞ்சிவப்புக் கோடாகக் கரையும். உருப்பெருக்கம் கூடக்கூட இந்தக் கானலும் பெருகித் தெரியும் என்பதால், பத்து மடங்குக் கருவி வைத்திருப்பவர் எட்டு மடங்குக்காரரைவிடக் குறைவாகவே காண்பார். எனவே தையில் ஏழரைக்கு வெளிக்கிட்டாலும் சமாளிக்கலாம், பங்குனியில் ஆறேகாலுக்கு வெளியில் நிற்கவேண்டும். அதற்குப் பிறகு மர நிழலில் கிட்டத்தைப் பார்ப்பதே பயனுள்ளது. குயில் கூவத் தொடங்கியிருக்கும், சிவந்த கண்ணுடைய கறுத்த ஆணையும் புள்ளியிட்ட பெண்ணையும் வேப்பங்கிளைகளில் தேடலாம்.

குறைகளுக்கு வருகிறேன். கருவியின் எடை ஏறக்குறைய 700 கிராம். அதனோடு தந்த கழுத்துப்பட்டி மெல்லிய நைலோன் நாடா, அரை மணித்தியாலத்தில் பின்கழுத்தை அறுக்கத் தொடங்கிவிடும். இரு தோள்களிலும் மாட்டும் பட்டியைத் தனியே வாங்கிப் போட்ட பிறகே நீண்ட நடை சாத்தியமாயிற்று. பொருளி வில்லைகளுக்கான மூடிகள் தளர்ந்தவை, சைக்கிளில் வரும் வழியில் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது. கண்ணாடி அணிபவர்களுக்காகத் திருகி ஏற்றி இறக்கும் கண்வளையங்களில் வலதுபக்கத்தது ஒரு பருவம் முடிவதற்குள் இளகி, பைக்குள் இருந்து எடுக்கும்போதெல்லாம் தானாகவே இறங்கிவிடுகிறது. சூரியனுக்கு அண்மைத் திசையில் பார்க்கும்போது, மண்டைதீவுக் கரையின் பனை வரிசை விளிம்பில் மெல்லிய ஊதா நிழல் தெரிகிறது. வான வெளிச்சத்தின் முன் கறுத்து நிற்கும் எதிலும் இது தெரியும். விலை கூடிய கண்ணாடி வகை பொருத்திய கருவிகளில் இது மிகக் குறைவு. ஆனால் அதற்காக மூன்று நான்கு மடங்கு பணம் கொடுக்கும்படி நடைக்குப் போகும் ஒருவருக்கு நான் சொல்லமாட்டேன். குவியச் சக்கரம் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. வேலியிலிருந்து வானத்துக்கு முக்கால் சுற்றில் போய்விடுகிறது.

நம் கரையோரக் காற்றில் இக்கருவிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது பராமரிப்புத்தான். உள்ளே நைதரசன் நிரப்பி அடைக்கப்பட்ட கருவியையே வாங்கவேண்டும். மலிவானவற்றில் இது இருக்காது, மாரிக்காலத்து ஈரம் உட்புகுந்து அரியத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதைத் திறந்து துடைத்துத் தருபவரை இங்கே தேடிப் பிடிப்பது சிரமம். பாலத்தில் நின்று வந்த அன்று வில்லையின் மேல் உப்புத்துகள் படிந்திருக்கும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் துகளே வில்லையின் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதியோ மென்தூரிகையாலோ தட்டிவிட்டு, நன்னீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா மணிப் பொட்டலங்களோடு வைத்தால் போதும்.

பாதுகாப்புக் குறித்து இரண்டு செய்திகள். உதயத்தின் அழகில் மயங்கிச் சூரியனை இதன் வழியே ஒரு கணமும் பார்க்கக்கூடாது, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டும். மற்றது நம் ஊருக்கே உரியது: முகாம்களும் காவலரண்களும் இருக்கும் பக்கம் கருவியைத் திருப்பாதீர்கள், யாராவது கேட்டால் என்ன பார்க்கிறீர்கள் என்பதைக் காட்டிவிடுங்கள். ஒரு பறவையைப் பார்க்கச் சொல்லிக் கருவியைக் கையில் கொடுத்தால் விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரவிலும் பயன்படும் என்பதை ஒரு வரியில் சொல்லிவைக்கிறேன். தை மாதத்துத் தெளிந்த வானில் கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்கள் இக்கருவியில் பல பத்தாகப் பெருகும், தைப்பூசத்துக்குச் சில நாள்கள் முன்னதாக அரைநிலாவின் ஒளி-இருள் எல்லையில் குழிகள் நன்றாகத் தெரியும்.

வேறு தெரிவுகளை எண்ணுபவர்களுக்கு: 8×32 கருவி எடையில் இலகு, ஒளிக்கற்றை 4 மில்லிமீற்றர், வயதானவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் அது நல்ல சமரசம். வயது கூடக்கூடக் கண்மணி முன்போல் விரிவதில்லை என்பதால், அறுபதைத் தாண்டியவர்களுக்கு 42 தரும் மேலதிக ஒளி முழுவதும் பயன்படாது. சரசாலைக் குருவிக்காட்டிலோ சுண்டிக்குளத்திலோ ஒரே இடத்தில் இருந்து மணிக்கணக்காகப் பார்ப்பவர்களுக்கு முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியே ஏற்றது, அது நடைக்கு ஆகாது. கைத்தொலைபேசிக் கமராவின் பெருக்கத்தை நம்பி இதை வேண்டாம் என்பவர்களோடு வாதிடப் போவதில்லை. பதிவு செய்ய அது நல்லது, ஆனால் அசையும் உயிரைத் தொடர்ந்து பார்க்க அந்தச் சிறு திரை உதவுவதில்லை.

வாங்கும் நாளில் கடைக்கு மாலை ஐந்தரைக்குப் பிறகு போங்கள், உச்சி வெயிலில் போகவேண்டாம். கடையின் உட்புறத்து இருண்ட மூலையைக் கருவியால் பாருங்கள். கண்ணாடி அணிபவராயின் கண்ணாடியோடே பார்த்து, வட்டம் முழுமையாகத் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையில் 15 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடைவெளி போதாது. கருவியைக் கைநீட்டிப் பிடித்துப் பார்வைத்துண்டில் தெரியும் ஒளிவட்டம் உண்மையாகவே வட்டமாக இருக்கிறதா, விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டிருந்தால் அரியம் மட்டரகம். இரண்டு கண்ணாலும் ஒரு நிமிடம் பார்த்தபின் தலை இடித்தால் குழல்கள் ஒருங்கவில்லை என்று பொருள், அந்தக் கருவியை எவ்வளவு விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள். பறவைகள் புரட்டாதி, ஐப்பசியிலேயே வரத் தொடங்கிவிடும் என்பதால், ஆவணிக்குள் வாங்கிக் கை பழக்கிக்கொள்பவருக்கு அடுத்த தை முழுமையாகக் கிடைக்கும்.